ஆதாரம் யார் மீது? பொருள் பறிமுதல் சட்டங்கள் பற்றி ஒரு பாடம்



நிக்காஹ் வைபவங்கள் தொடங்கும் காலம் இது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் வருவதும் இந்த மாதங்களில்தான். வீடுகளில் ரொக்கமும் நகையும் அதிகம் புழங்கும். இந்த நாட்களில் டிரஸ்ட் அலுவலகத்திற்குச் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "கல்யாணச் செலவுக்குக் கொண்டு போன பணத்தைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள், திரும்பக் கிடைக்குமா?" "வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள், நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே?" "விமான நிலையத்தில் நகையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், யாரிடம் போவது?"

கேட்பவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகச் சம்பாதித்தவர்கள். ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் அவர்களிடம் இருப்பதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. சட்டம் ஒரு பொருளைச் சந்தேகிக்கும்போது ஆதாரம் தர வேண்டியவர் யார்? நம்மிடம் கேட்டால் நாம் எதைக் காட்டப்போகிறோம்?

முதலில் மூன்று சொற்கள்

செய்தித்தாளில் எல்லாவற்றையும் "பறிமுதல்" என்றே எழுதுகிறார்கள். சட்டத்தில் இவை மூன்று வெவ்வேறு நிலைகள்.

கைப்பற்றுதல்: விசாரணைக்காகப் பொருளை அதிகாரி தன் வசம் எடுப்பது. பொருள் இன்னும் உங்களுடையதுதான்.

முடக்குதல்: பொருள் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் விற்கவோ, எடுக்கவோ, மாற்றவோ முடியாது. வங்கிக் கணக்குகளுக்கும் வீடு மனைகளுக்கும் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

பறிமுதல்: உரிய அதிகாரியோ நீதிமன்றமோ உத்தரவிட்டு, பொருள் அரசுக்குச் சொந்தமாகிவிடுவது. இதுவே கடைசி நிலை.

பலர் முதல் நிலையிலேயே "போனது போனதுதான்" என்று மனம் தளர்ந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் இடையில் நமக்குப் பல வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குக் காலக்கெடுவும் உண்டு. கெடு கடந்தால் உரிமையும் நழுவிப் போகும்.

ஷரீஅத் எங்கே நிற்கிறது?

ஒரு முஸ்லிமின் உயிரையும் மானத்தையும் போலவே பொருளும் புனிதமானது என்பதை நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் அறிவித்தார்கள். பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதையும், அதற்காக அதிகாரம் உள்ளவர்களை நாடுவதையும் சூரா அல்பகராவின் 188-வது வசனம் தடுக்கிறது.

வழக்குகளுக்கு ஃபிக்ஹில் ஓர் அடிப்படை விதி இருக்கிறது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது நன்கு தெரியும். வழக்காடி உரிமை கோருபவர் மீதே ஆதாரம் கடமை, மறுப்பவர் மீது சத்தியம் கடமை. ஒரு பொருள் யார் கையில் இருக்கிறதோ, தொடக்கத்தில் அது அவருடையது என்றே கொள்ளப்படும். அது அவருடையதல்ல என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அப்படியானால் அரசு யாரிடமும் கணக்கே கேட்கக் கூடாதா? அதுவும் இல்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களின் சொத்தைப் பட்டியல் எடுத்துக்கொண்டார்கள் என்றும், பின்னாளில் அதற்கு மேல் பெருகியிருந்தால் கணக்குக் கேட்டு ஒரு பகுதியைப் பைத்துல்மாலில் சேர்த்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பதவி என்பது அமானத். அமானத்தைக் கையில் வைத்திருப்பவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். அங்கேயும் முதலில் பட்டியல் எழுதப்பட்டது, கேள்வி பிறகுதான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் பொருளே பிரதிவாதி

இந்த விதி தலைகீழானால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவில் தெளிவாகப் பார்க்கலாம். அதைப் புரிந்துகொண்டால் நம் நாட்டுச் சட்டங்களில் அதே அம்சம் எங்கே இருக்கிறது என்பது எளிதில் பிடிபடும்.

அங்கே "சிவில் பறிமுதல்" என்றொரு முறை உண்டு. அதில் வழக்கு ஆள் மீது போடப்படுவதில்லை, பொருள் மீது போடப்படுகிறது. பணமோ, காரோ, வீடோ பிரதிவாதி ஆகிறது. கடல் வணிகத்திலும் சுங்கத்திலும் பிறந்த பழைய முறை இது. கப்பல் உரிமையாளர் ஏதோ ஒரு தூர தேசத்தில் இருப்பார், அவரைப் பிடிக்க முடியாது, கப்பலைப் பிடிக்கலாம். 1789-ல் அமெரிக்காவின் முதல் நாடாளுமன்றம் இயற்றிய சுங்கச் சட்டத்திலேயே இது இடம்பெற்றது. பின்னர் போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கைகளில் இது பெரும் ஆயுதமானது. பெரிய கடத்தல்காரர்களின் பணபலத்தை உடைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆள் மீது குற்றம் நிரூபணமாக வேண்டிய அவசியம் இல்லை. ஆள் மீது வழக்கே இல்லாமலும் பொருளை எடுக்கலாம்.

2006-ல் தீர்ப்பான ஒரு வழக்கின் பெயரே "அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்" என்பதுதான். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒருவர் வாடகைக் காரில் போகிறார். காவலர் நிறுத்துகிறார். பணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்கிறார். சோதித்தால் ஐஸ் பெட்டிக்குள் கட்டுக்கட்டாகப் பணம். போதைப்பொருள் எதுவும் இல்லை. மோப்ப நாய் மட்டும் பணத்தில் வாசம் காட்டியது. குளிர்சாதன லாரி ஒன்று வாங்க நானும் நண்பர்களும் சேர்த்த பணம் என்று அவர் சொன்னார். கீழ் நீதிமன்றம் அவரை நம்பியது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அரசு பக்கம் நின்றார்கள். பணம் போயிற்று.

அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் நண்பர்கள் கூடிப் பணம் சேர்ப்பது, ரொக்கமாகவே எடுத்துப் போவது, எழுத்து எதுவும் இல்லாமல் இருப்பது, கேட்டவுடன் பயத்தில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவது ஆகிய நான்கையும் நம் வீடுகளிலும் காணலாம்.

குற்றம் செய்யாத குடும்பத்தாருக்கு என்ன ஆகிறது? 1996-ல் மிச்சிகன் மாநில வழக்கு ஒன்றில் கணவர் காரில் செய்த குற்றத்திற்காக மனைவிக்கும் பங்குள்ள கார் எடுக்கப்பட்டது. அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் பங்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2000-ல் வந்த சீர்திருத்தச் சட்டம், மத்திய அரசின் வழக்குகளில் நிரூபிக்கும் பொறுப்பை அரசின் மீது வைத்தது, அறியாத உரிமையாளருக்கும் பாதுகாப்புத் தந்தது. இருந்தாலும் தாம் அறியாதவர் என்பதை உரிமையாளரே காட்ட வேண்டும். அரசு காட்ட வேண்டிய ஆதாரமும் குற்றவியல் வழக்கின் அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டியதில்லை.

2019-ல் இண்டியானா மாநில வழக்கில் இன்னொரு கேள்வி எழுந்தது. ஒருவர் போதைப்பொருள் விற்றதை ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்திற்கு அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். அவரிடமிருந்து எடுக்கப்பட்ட வாகனத்தின் மதிப்போ சுமார் 42,000 டாலர். அந்த வாகனத்தைத் தந்தை இறந்தபின் கிடைத்த காப்பீட்டுப் பணத்தில் அவர் வாங்கியிருந்தார். அளவு மீறிய அபராதத்திற்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2013-ல் எடுக்கப்பட்ட வாகனம் 2020-ல்தான் அவர் கைக்குத் திரும்பியது.

2024-ல் அலபாமா மாநிலத்துப் பெண்கள் இருவரின் வழக்கு வந்தது. ஒருவருடைய காரை மகன் ஓட்டிப்போயிருந்தான். மற்றவருடைய காரை நண்பர் இரவல் வாங்கியிருந்தார். போதைப்பொருள் பிடிபட்டதால் கார்கள் ஒரு வருடத்திற்கு மேல் முடங்கின. இறுதி விசாரணைக்கு முன் வாகனத்தை இப்போதைக்குத் தரலாமா என்று பார்க்கத் தனி விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். இறுதி விசாரணை உரிய காலத்தில் நடந்தால் போதும், அரசியல் சட்டம் அதற்கு மேல் கட்டாயப்படுத்தவில்லை என்று ஆறு நீதிபதிகள் மறுத்தார்கள். மூவர் மாறுபட்டார்கள்.

எடுப்பவருக்கே பங்கு என்றால்

இந்த முறையின் பெரிய கேடு இன்னொன்று. 1984-ல் வந்த சட்டத்தின்படி, பறிமுதலான பணத்தைச் சட்ட அமலாக்கத் துறைகளே தம் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றானது. உள்ளூர் போலீஸ் மத்திய அரசுத் துறையோடு சேர்ந்து எடுத்தால் அதில் 80 விழுக்காடு வரை உள்ளூர் போலீசுக்கே திரும்ப வரும். எடுப்பவருக்கே பங்கு என்றால் எடுக்கும் கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைக் கண்டு நியூ மெக்சிகோ 2015-லும், நெப்ராஸ்கா 2016-லும், மெய்ன் 2021-லும் தம் மாநிலச் சட்டத்தில் சிவில் பறிமுதலை ஒழித்தன.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் நின்று கடிந்து கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. வசூலிப்பவரின் கைக்கும் வசூலாகும் பொருளுக்கும் இடையில் சொந்த ஆதாயம் வரக் கூடாது. இந்த விதி போலீசுக்கும் பொருந்தும், ஜமாஅத் வசூலுக்கும் பொருந்தும்.

நம் நாட்டில்

இந்தியாவில் பொதுவான நிலை அமெரிக்காவைப் போன்றது அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு, திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புள்ளது என்றோ சந்தேகம் தரும் பொருளைக் கைப்பற்றப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. பழைய சட்டத்தின் 102-வது பிரிவுதான் இது. கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே பிரிவில் உள்ள கட்டளை. வங்கிக் கணக்கும் இதில் அடங்கும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தை இந்தப் பிரிவின் கீழ் போலீஸ் எடுக்க முடியாது என்று 2019-ல் சொன்னது. குற்றத்தால் வந்த சொத்து என்று முடக்குவதற்கு 107-வது பிரிவு புதிதாக வந்துள்ளது. அதற்குக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலும், நீதிமன்ற உத்தரவும், உரியவருக்கு 14 நாள் அவகாசம் தரும் நோட்டீசும் வேண்டும்.

ஆனால் சில சட்டங்களில் நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. அவை எவை என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும்.

சுங்கச் சட்டம். தங்கத்தைக் கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரி கைப்பற்றினால், கடத்தல் இல்லை என்று காட்ட வேண்டியவர் அதை வைத்திருந்தவரும் உரிமை கோருபவரும்தான். 123-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. நமக்குச் சாதகமாகவும் ஒரு விதி உண்டு. பொதுவாக 6 மாதத்திற்குள் நோட்டீஸ் தர வேண்டும். காரணம் எழுதி இன்னொரு 6 மாதம் நீட்டிக்கலாம். தராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும்.

1976-ம் ஆண்டின் கடத்தல்காரர்கள் மற்றும் அந்நியச் செலாவணி மோசடியாளர்கள் சொத்துப் பறிமுதல் சட்டம். இதில் சம்பந்தப்பட்டவரின் மனைவி, சகோதர சகோதரிகள் உள்ளிட்ட உறவினர் பெயரில் உள்ள சொத்துகளும் கேள்விக்கு உள்ளாகும். சொத்து நேர்வழியில் வந்தது என்று அவர்களே காட்ட வேண்டும். 1994-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இந்தச் சட்டத்தை ஏற்றது. ஆனால் உறவினரின் சொத்து குற்றவாளியின் தவறான சம்பாத்தியத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், உறவு என்ற ஒரே காரணத்திற்காக எடுக்க முடியாது என்றும் தெளிவாக்கியது.

2002-ம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம். அமலாக்கத் துறை 180 நாள் வரை சொத்தைத் தற்காலிகமாக முடக்கலாம். அதற்குள் தீர்ப்பாணையம் விசாரித்து உறுதி செய்யாவிட்டால் முடக்கம் காலாவதியாகும். சொத்து வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே நம்மிடம்தான் கேட்பார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ஏற்றுக்கொண்டது.

இவற்றைத் தவிர அன்றாடம் நாம் சந்திப்பவை இரண்டு உண்டு. ஒன்று தேர்தல் காலச் சோதனை. வேட்பாளர், ஏஜெண்டு, கட்சிக்காரர் செல்லும் வாகனத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கைப்பற்றலாம் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. சாலையில் பறக்கும் படை நிறுத்தும்போது மாட்டு வியாபாரியும், ஜவுளி எடுக்கப் போகும் குடும்பமும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்தலோடு தொடர்பில்லாத பணத்தை விடுவிக்க மாவட்ட அளவில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. வழக்கோ புகாரோ இல்லாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, சைபர் மோசடிப் புகாரில் கணக்கு முடங்குவது. எங்கோ ஒருவர் பணத்தை இழந்து 1930 எண்ணில் புகார் தருகிறார். அந்தப் பணம் பல கணக்குகள் மாறி, நம் கடையில் சாமான் வாங்கிய யாரோ ஒருவர் மூலம் நம் கணக்கிலும் சில ஆயிரம் விழுந்திருக்கும். வெளிமாநிலப் போலீசின் கடிதத்தால் மொத்தக் கணக்கும் நின்றுவிடும். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, மீதியைப் பயன்படுத்த விட வேண்டும் என்ற வகையில் கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் உத்தரவிட்டிருக்கின்றன.

எடுத்துவிட்டார்கள் என்றால்

1. பதற்றப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள். "பணம் இல்லை", "என்னுடையது இல்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு உரிமை கோருவது மிகக் கடினம். எழுதாத தாளிலும், படித்துப் பார்க்காத தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. மகஜர் அல்லது ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தொகை, நோட்டுகளின் எண்ணிக்கை, நகையின் எடை, தேதி, அதிகாரியின் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும். போலீஸ் செய்யும் சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று புதிய சட்டத்தின் 105-வது பிரிவு சொல்கிறது.

3. போலீஸ் கைப்பற்றிய வாகனம், பணம், நகையை விசாரணை முடியும் முன்பே கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். புதிய சட்டத்தில் 497, 503 ஆகிய பிரிவுகள் இதற்கானவை. வாகனங்களைக் காவல் நிலைய வளாகத்தில் நெடுநாள் போட்டு வைப்பதில் பயனில்லை, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம், 15 நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் பொருளைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்று 2002-ல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வெயிலிலும் மழையிலும் வண்டி துருப்பிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

4. கணக்கு முடங்கினால் வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை, அந்தத் தொகை மட்டும் நிற்கிறதா, மொத்தக் கணக்கும் நிற்கிறதா? பிறகு அந்த விசாரணை அதிகாரிக்குப் பில், பரிவர்த்தனை விவரத்தோடு விளக்கம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நீதிமன்றம் இருக்கிறது. "காசு கொடுத்தால் திறந்து தருகிறேன்" என்று போனில் பேசுகிறவர் இரண்டாவது மோசடிக்காரர்.

5. விமான நிலையத்தில் நகையைத் தடுத்தால் தடுப்பு ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். நேர்மையாக அறிவித்த பொருளைத் திரும்பும்போது எடுத்துச் செல்லும்படி வைத்திருக்கக் கேட்கலாம். அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பும் பல வழக்குகளில் உண்டு. பாதகமான உத்தரவு வந்தால் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு.

6. வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

எடுக்கப்படாமல் இருக்க

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. சூரா அல்பகராவின் 282-வது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சலித்துப்போகக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. "சொந்தத்துக்குள் என்ன எழுத்து" என்று நாம்தான் விட்டுவிட்டோம்.

கல்யாணப் பணத்தை எடுத்துப் போகும்போது வங்கியில் எடுத்த சீட்டு, அழைப்பிதழ், கடை மதிப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றைப் பணத்தோடே வையுங்கள். வெவ்வேறு உறவினர் தந்த பணமானால் யார் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சீட்டுப் பணம் என்றால் சீட்டு நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நகை வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். மஹராகத் தந்த நகையின் எடையை நிக்காஹ் பதிவேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். உம்மா, பாட்டி வழியாக வந்த நகைக்குப் பில் இருக்காது. அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் சான்றும் பழைய கல்யாணப் புகைப்படமும் உதவும்.

ரொக்கத்திற்கு வரம்பு உண்டு. பொதுவாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாகலாம். முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். வங்கிப் பதிவே சாட்சியாகும்.

இளைஞர்களுக்கு மூன்று வார்த்தை. யாருக்காகவும் "குருவி" ஆகாதீர்கள். டிக்கெட் இலவசம் என்று இன்னொருவர் தந்த தங்கத்தைச் சுமந்தால், பிடிபடும் நேரத்தில் அது உங்கள் கையில் இருந்த பொருள். சட்டம் உங்களிடம்தான் கேட்கும். உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ கமிஷனுக்கு யாருக்கும் தராதீர்கள். ஊருக்கு உண்டியலில் பணம் அனுப்பாதீர்கள். நூறு ரூபாய் லாபத்திற்காக, நீங்கள் உழைத்துச் சம்பாதித்த ஹலாலான பணம் ஆதாரமற்ற பணமாகிவிடும். அந்தப் பணத்தில் உம்மா பெயரில் கட்டிய வீட்டுக்கும் பிறகு கணக்குக் காட்ட முடியாது.

இது நம் நிர்வாகத்திற்கும் பொருந்தும். ஜகாத், ஃபித்ரா, சந்தா எதுவானாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீது தராமல் வாங்க டிரஸ்ட் ஊழியர் எவருக்கும் உரிமை இல்லை. வசூலான பணம் வங்கிக்குப் போகாமல் ஒருவர் வீட்டில் இருந்தால், ஒரு சோதனையில் அது ஏழைகளின் பணம் என்று நிரூபிக்க நம்மிடம் என்ன இருக்கும்?

வீட்டில் பேசிக்கொள்ள

1. கைப்பற்றுதல், முடக்குதல், பறிமுதல் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

2. ஃபிக்ஹ் விதிப்படி ஆதாரம் யார் மீது? சுங்கச் சட்டத்தில் தங்கம் விஷயத்தில் யார் மீது?

3. நம் வீட்டில் உள்ள நகையில் எதற்கெல்லாம் பில் இருக்கிறது? எதற்கு இல்லை?

4. இந்த வருடம் சொந்தத்துக்குள் கொடுத்த, வாங்கிய கடன்களில் எழுதப்படாதவை எத்தனை?

5. நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்கை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?

கடைசி மூன்று கேள்விகளுக்கும் இந்த வாரமே உட்கார்ந்து பதில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நீதியானது எதுவோ அதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. சட்டம் அளவு மீறும் இடத்தில் நீதிமன்றத்தை நாடுவதும் நம் உரிமை. ஆனால் நீதிமன்றத்தில் நம் உண்மையை நம் முகம் சொல்லாது, தாள்தான் சொல்லும்.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்து, அநீதியிலிருந்து நம்மையும் நம் கையால் நேரும் அநீதியிலிருந்து பிறரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்